எழுப்பக் கூடாத தூக்கம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிற ஆளை எழுப்பக் கூடாது. வீடு பற்றி எரிந்தால் எழுப்பலாமா என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். முதலில் நீ ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார், அணையாவிட்டால் அப்புறம் யோசிக்கலாம் என்றாள்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம் வந்துவிட்டால் பகலில் எங்கள் வீடு வேறு வீடாகிவிடும். குக்கர் விசில் அடிக்கப் பார்க்கும்போதே அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். மிக்சி ஓடாது, அதனால் அந்த வாரம் முழுக்க இட்லிக்குச் சட்னி கிடையாது, பொடிதான். டி.வி.யில் படம் மட்டும் ஓடும், சத்தம் இருக்காது. நானும் அம்மாவும் கண்ணாலும் கையாலும் சண்டை போட்டுக்கொள்வோம். கீரை விற்க வருகிற அம்மாகூட எங்கள் பிளாக்குக்குள் நுழைந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, இன்றைக்கு யார் வீட்டில் நைட் என்று ஜாடையில் கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவார்.

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம். காலையிலேயே மார்க் தெரிந்துவிட்டது. நல்ல மார்க். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் அவர் அறை வாசலில் போனை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தானாக எழுந்து வரும்வரை உட்கார்ந்திருந்தேன். மதியம் கதவைத் திறந்தவர் நான் நீட்டிய போனைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. தலையில் ஒரு குட்டு வைத்தார். "இதுக்கு எழுப்பியிருக்கலாமில்ல, மக்கு" என்றார். அம்மா அசந்துபோய்விட்டாள். அவளுக்குக் கல்யாணமானதிலிருந்து அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லையாம்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் பம்ப் வேலை. எங்கள் ஊரில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவும் பகலும் இறைத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுரங்கம் குளமாகிவிடும். அந்த மோட்டார்கள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் அவர் ஒருவர். இறைத்த தண்ணீர் வாய்க்காலில் வெதுவெதுப்பாக ஓடும். மார்கழி விடியற்காலையில் என்னை சைக்கிளில் கூட்டிப்போய் அதில் குளிக்கவைப்பார். வீட்டில் குளிக்க அழுகிற நான் அந்த வாய்க்காலிலிருந்து வெளியே வர அழுவேன்.

அந்தச் சுரங்கத்துக்குள்தான் எங்கள் தாத்தாவின் முந்திரிக் கொல்லையும் போயிருக்கிறது. நிலத்தைக் கொடுத்ததற்காகக் கிடைத்த வேலைதான் அப்பாவுடையது. மைன்ஸ் ஓரம் போகும்போதெல்லாம் பள்ளத்தில், வெறும் காற்றில், ஒரு இடத்தைக் காட்டி "நம்ம கொல்லை அங்கதான் பாப்பா இருந்துச்சு" என்பார். நான் பார்ப்பேன். காக்கை பறந்துகொண்டிருக்கும்.

போதுமடா சாமி இந்த ஊர் என்று, சுற்றுச்சூழல் பொறியியல் மேற்படிப்புக்கு ஜெர்மனிக்குப் போனேன். கிழக்குப் பக்கம் ஒரு சின்ன நகரம். போய் இறங்கின வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அதுவும் ஒரு நெய்வேலிதான். அதே பழுப்பு நிலக்கரி. ஒரு சுரங்கத்திலிருந்து தப்பித்து இன்னொரு சுரங்கத்தில் போய் விழுந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். என்ன வித்தியாசம் என்றால், அங்கே பழைய சுரங்கங்களில் வேலை முடிந்ததும் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு ஏரியாக்கியிருந்தார்கள். வெயில் காலத்தில் ஜனங்கள் அதில் நீச்சலடிக்கிறார்களாம்.

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"தண்ணி வராம காக்கத்தான பாப்பா எனக்குச் சம்பளமே. அவங்க தொறந்தா விட்டுட்டாங்க?" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஏரி அவரைப் பிடித்துக்கொண்டது. எப்போது பேசினாலும் போனாயா, பார்த்தாயா என்பதுதான். எவ்வளவு பெரிசு, கரை சரியாமல் நிற்கிறதா, மீன் இருக்கிறதா. ஒரு முறை, நம்ம கொல்லை இருந்த இடத்திலும் ஒரு நாள் அப்படித் தண்ணீர் நிற்குமோ என்று கேட்டார். வருத்தமாகக் கேட்டாரா, ஆசையாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது நான் அதை யோசித்துப் பார்க்கவே இல்லை. ஏரி எங்கள் விடுதியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம்தான், போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் எழுதுவதை எல்லாம் நானும் படித்திருக்கிறேன். தனிமை, குளிர், அழுகை, அம்மா கைச் சாப்பாடு. எனக்கு அப்படி எதுவும் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நான் அங்கே ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக யாருடைய தூக்கத்துக்காகவும் காலடிச் சத்தத்தை அடக்காமல் நடந்தேன். சத்தமாகச் சிரித்தேன். என் ரொட்டியை நானே சுட்டேன், என் சைக்கிளுக்கு நானே பஞ்சர் ஒட்டினேன். வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கற்றுக்கொண்டேன். தோழிகளோடு ரயில் ஏறி மலைக்குப் போனேன், பனியில் புரண்டேன். என் வயதுக்கு நான் வளர்ந்துகொண்டிருந்தேன். அதில் தப்பில்லை. ஆனால் அப்படி வளர்ந்ததில் நான் ரொம்ப நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு வித்தை, வீட்டிலிருந்து வரும் போனைக் கட் பண்ணுவது.

அப்பா கூப்பிட்டால் லேபில் இருக்கிறேன் என்பேன். சில நேரம் உண்மையிலேயே லேபில் இருப்பேன். பல நேரம் யாருடைய சமையலறையிலோ வெங்காயம் நறுக்கிக்கொண்டு இருப்பேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கூப்பிட்டால் தொந்தரவு என்று புரிந்துகொண்டு, பிளாக்கில் ஒரு பையனிடம் கற்றுக்கொண்டு குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தார். பின்னால் மோட்டார் இரைச்சல் கேட்கும். "பாப்பா, சாப்டியா. ஒண்ணும் இல்ல, சும்மாதான்." சொல்ல விஷயமே இல்லாத செய்திகள். நான் வேகத்தைக் கூட்டி வைத்து ஓடவிட்டுக் கேட்பேன். அப்பா குரல் பொம்மைப் படத்தில் வருவதுபோல் கீச்கீச்சென்று ஓடி முடியும். போனில் இடம் போதவில்லை என்று வந்தபோது, மலையில் எடுத்த படங்களுக்கு இடம் வேண்டுமே, அவர் செய்திகளில் நிறைய அழித்துவிட்டேன்.

அந்தச் செய்திகளில் அவர் குரல் கரகரத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியவில்லை. வேகமாக ஓடவிட்டால் எங்கே தெரியும்.

குளிர் காலம் முடிகிற சமயம். செமஸ்டர் பரீட்சைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள் மத்தியானம் அவர் தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சலித்துக்கொண்டு எடுத்தேன். குரல் கம்மியிருந்தது. சளியா என்று கேட்டேன், ஆமாம் என்றார். பிறகு வழக்கம்போல, ஏரிக்குப் போனாயா என்றார். போகவில்லை என்றால் பேச்சு நீளும். போனேன், பார்த்தேன், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

அவர் குரலில் ஒரு துள்ளல். "காலை வச்சுப் பாத்தியா? தண்ணி நம்மூரு மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சா, சில்லுனு இருந்துச்சா?"

"அப்பா, லேப்ல கூப்பிடுறாங்க. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் அம்மாதான் எடுத்தாள். காலையில் வகுப்புக்குப் போகும் வழியில், டிராமில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுவேன். அங்கே அப்போது மத்தியானம். அப்பா எங்கே என்றால், நைட் ஷிப்ட், தூங்குகிறார் என்பாள். சரிம்மா, எழுப்பாதே என்பேன். அவளும் சரி என்பாள். நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். நைட் ஷிப்ட் ஆள் சாயங்காலம் முழித்துக்கொண்டுதான் இருப்பார், அப்போது கூப்பிட்டால் பேசலாம் என்பது எனக்குத் தெரியாதா? குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இருந்தது.

என் அறையில் கூட இருந்தவள் ஒரு நேபாளப் பெண். ரொம்ப நிதானம், கேட்டால்தான் பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவோடு பேசிவிட்டு போனை வைத்ததும், அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். தூங்குகிறார் என்றேன்.

"உங்க அப்பா எப்பவுமே தூங்கிக்கிட்டுதான் இருப்பாரா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையும்தான். ஷிப்ட் என்றால் என்ன என்று இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு விரல் விட்டு விளக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், விடியற்காலையில் போய் மத்தியானம் வருவார். அடுத்த வாரம் செகண்ட், மத்தியானம் போய் ராத்திரி வருவார். அதற்கடுத்த வாரம் நைட். அது முடிந்தால் திரும்ப ஃபர்ஸ்ட். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும், எங்கள் ஊரில் குழந்தைகள் கிழமை சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்ளும், ஒரு வாரத்துக்கு மேல் நைட்டே வராது என்று சொல்லிக்கொண்டே போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். என் விரல் நீட்டியபடியே இருந்தது.

போன வாரமும் நைட் என்றுதான் அம்மா சொன்னாள். அதற்கு முந்தின வாரமும்.

திரும்பக் கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இந்த வாரம் என்ன ஷிப்ட்?"

"நைட்டுதான். இப்பதான சொன்னேன்."

"போன வாரம்?"

அம்மாவின் பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம் இல்லை. யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. எங்கம்மா இருக்க என்று கேட்டேன்.

"ஆபரேசன் ஆயிடுச்சு. நல்லாத்தான் இருக்காரு" என்றாள். பிறகு அழுதாள்.

அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. மாதக்கணக்கில் குரல் கம்மியிருந்ததை மோட்டார் பக்கத்தில் கத்திக் கத்திப் பேசுவதால் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு விட்டுவிட்டார். புதுச்சேரியில் காட்டியபோது, உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டார்கள். இனிமேல் பேச்சு இல்லை. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு.

எனக்குச் சொல்லக் கூடாது என்று தீர்மானித்தவர் அவர்தான். பரீட்சை முடியட்டும் என்றாராம். நான் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா கலங்கியபோது, ஆபரேசனுக்கு முந்தின நாள், குரல் இருந்த கடைசி நாள், அவரே வழியும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "நைட் ஷிப்ட்டுனு சொல்லு. எம்பொண்ணு எழுப்பச் சொல்ல மாட்டா."

அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளும் மனுஷிதானே, எத்தனை நாளைக்குத்தான் மனசிலேயே வைத்துக்கொள்வாள்.

"மொத வாரம் பரவால்ல. ரெண்டாவது வாரமும் நைட்டுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சுடி. நீ கண்டுபுடிச்சுடுவேன்னு பயந்துகினே இருந்தேன். நீ சரிம்மான்னு வச்சுட்ட. மூணாவது வாரமும் வச்சுட்ட." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கண்டுபுடிக்க மாட்டியான்னுகூட இருந்துச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது கை வந்த கலை.

அந்த மத்தியானம் அவர் விடாமல் கூப்பிட்டது ஏன் என்று அப்புறம்தான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிட்டிருக்கிறார். தன் குரலில் என்னிடம் கடைசியாக என்ன பேசலாம் என்று யோசித்து வைத்திருந்தாரோ என்னவோ. பேசியது ஏரியைப் பற்றி. கேட்டது தண்ணீர் சில்லென்று இருந்ததா என்று. பார்க்காத ஏரியைப் பார்த்தேன் என்று சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உடனே கிளம்புகிறேன் என்றேன். பரீட்சையை எழுதிவிட்டு வா, நீ பாதியில் வந்தால் அவர் மனசு விட்டுப்போகும் என்று அம்மா சொன்னாள். அது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இருந்து எழுதினேன். நன்றாக வேறு எழுதினேன். ராத்திரி அழுதுவிட்டு காலையில் போய் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதுகிற பெண் எப்படிப்பட்டவள் என்று என்னையே பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது.

போனில் மிச்சம் இருந்த அவருடைய குரல் செய்திகளைத் தேடினேன். கொஞ்சம்தான் இருந்தன. முதல் தடவையாக அவற்றை உள்ளபடியான வேகத்தில் கேட்டேன். அப்பா எவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஆள் என்பதை மறந்தே போயிருந்தேன். பாப்பா என்று கூப்பிட்டுவிட்டு, நான் என்னப்பா என்று கேட்பதற்காக ஒரு இடைவெளி விடுகிறார். பதில் வராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் விடுகிறார்.

நெய்வேலிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் பண்ருட்டி தாண்டும்போது பலாப்பழ வாசனை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பது என்று வழியெல்லாம் அதே யோசனை. எங்கள் பிளாக் படியில் ஏறும்போது என்னையறியாமல் காலடிச் சத்தத்தை அடக்கிக்கொண்டேன்.

உள்ளே போனால் வீடு நிறைய ஆட்கள். அவருடைய செக்ஷனில் கூட வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார், கழுத்தை மூடி ஒரு வெள்ளைத் துணி. ஆனால் அந்த அறையில் ஒரு பெரிய அரட்டை நடந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், கையால்.

மோட்டார் இரைச்சலில் வாய் திறந்து பிரயோஜனம் இல்லை என்பதால் பம்ப் ஆட்களுக்கென்று கை ஜாடை உண்டு. ஒரு விரலைக் காற்றில் சுற்றினால், மோட்டாரை ஓட்டு. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. விரல்களை அலைபோல் ஆட்டினால் தண்ணீர். காதைத் தட்டினால், கேட்கவில்லை, திரும்பச் சொல். வேலையில் வருஷக்கணக்காகப் பேசிப் பழகிய அந்தப் பாஷையிலேயே யாரைப் பற்றியோ கேலி பேசிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் சிரித்தார். தோள்தான் குலுங்கியது. என்ன பேச்சு என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டில், என் அப்பா பேசுவது புரியாத ஒரே ஆள் நான். அம்மாகூட அதற்குள் பாதி கற்றுக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற ஒரு கருவியை டாக்டர் கொடுத்திருந்தார். அப்பா அதில் ஒரே தடவை பேசிப் பார்த்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று கையால் சொல்லி பீரோவில் வைத்துவிட்டாராம். அம்மா எவ்வளவோ கெஞ்சியும் எடுக்கவில்லை. வாய்க்கால் குளியலும் இனிமேல் கிடையாது. துளையில் தண்ணீர் போனால் ஆபத்து. வாழ்க்கை முழுக்கத் தண்ணீரோடு இருந்த மனுஷர் ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் போனபிறகு நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன், அதை விட்டுவிட்டுப் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இளைத்துவிட்டாய் என்று கன்னத்தை உள்ளிழுத்துக் காட்டினார். யார் யாரைச் சொல்வது. பிறகு கண்ணில் அந்தப் பழைய துள்ளலோடு விரல்களை அலைபோல் ஆட்டினார். இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு உடம்பைச் சிலிர்த்துக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார்.

வந்ததிலிருந்து எனக்குப் புரிந்த முதல் ஜாடை அது. தண்ணீர் சில்லென்று இருந்ததா?

ஆபரேசன், வலி, குழாய் வழியாகச் சாப்பாடு, எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கேள்வி அப்படியே இருந்திருக்கிறது. சில்லென்று இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஜெர்மனியில் எந்தத் தண்ணீரும் சில்லென்றுதான் இருக்கும், பொய்கூட இல்லை. வாய் வரைக்கும் வந்தது.

"நான் போகவே இல்லப்பா" என்றேன். "அன்னிக்கு உங்ககிட்ட சும்மா சொன்னேன்."

அவர் கை தோளிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, ஒரு விரலைக் காற்றில் சுற்றினார். ஓட்டு. போகட்டும் விடு என்கிறாரா, போய்ப் பார் என்கிறாரா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

இருந்த நாட்களில் அவருக்குத் துணி மாற்றினேன், கஞ்சி கலக்கிக் கொடுத்தேன், ஜாடைகளைக் கற்றுக்கொண்டேன். ராத்திரியில் இருமல் வந்து அவரைத் தூங்கவிடாது. பகலில்தான் அசந்து தூங்குவார். உடனே வீடு தானாகப் பழையபடி அடங்கிப்போகும். அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள், கீரைக்கார அம்மா ஜாடையில் விலை சொல்வார். ஷிப்ட் இல்லாவிட்டாலும் சட்டம் இருந்தது. லீவு முடிந்து நான் கிளம்பினேன். கிளம்பும்போது ஏரியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் திரும்பிப் போன வாரமே, சனிக்கிழமை முதல் வேலையாகப் பஸ் ஏறினேன். மனசு முழுக்க அதுதான். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே மண் பாதையில் நடந்தால், திடீரென்று மரங்கள் முடிந்து தண்ணீர். மறுகரை ஒரு கோடாகத் தெரிந்தது. குளிக்கிற காலம் இன்னும் வரவில்லை, இரண்டு கிழவிகள் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் எங்கள் ஊர் மைன்ஸ் ஓரத்தில் கிடப்பதுபோன்ற அதே மண். இதன் அடியிலும் யாரோ ஒருவருடைய கொல்லை இருக்கும் என்று தோன்றியது. அப்பா வருத்தமாகவும் கேட்கவில்லை, ஆசையாகவும் கேட்கவில்லை, தண்ணீராகவாவது அது திரும்பி வருமா என்றுதான் கேட்டாரோ என்று அங்கே நிற்கும்போது நினைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். ஐயோ, அப்படி ஒரு குளிர். எலும்பு வரைக்கும் ஏறியது. முழங்கால் வரை நின்றுகொண்டு வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

அம்மா எடுத்தாள். எடுத்ததுமே குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அப்பா தூங்குறாருடி. ராத்திரியெல்லாம் ஒரே இருமல், இப்பதான் கண்ணசந்தாரு."

சரிம்மா, எழுப்பாதே. அந்த வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என்னை நம்பி அவர் சொன்ன வார்த்தையும் கூடவே வந்தது. எம்பொண்ணு எழுப்பச் சொல்ல மாட்டா.

"எழுப்பும்மா" என்றேன்.

"என்னடி சொல்ற?"

"எழுப்பு. நான் சொன்னேன்னு சொல்லு. எழுப்பும்மா."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் பின்னால் தெரிந்த தண்ணீரையும் பார்த்தாள். எழுந்து அறைக்கதவைத் திறந்தாள். போனில் கூரை ஆடியது, கட்டில் தெரிந்தது. எங்கள் வீட்டில் அதுவரை நடக்காத காரியம் நடந்தது. அம்மா அவர் தோளைத் தொட்டு உலுக்கினாள். அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்தார். நான் காமிராவைத் திருப்பி, தண்ணீருக்குள் இருந்த என் காலைக் காட்டினேன். கால் சிவந்துபோயிருந்தது.

"சில்லுனு இருக்குப்பா" என்றேன்.

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் காதைத் தட்டினார். கேட்கவில்லை, திரும்பச் சொல்.

"சில்லுனு இருக்குப்பா. ரொம்பச் சில்லுனு இருக்கு."

மறுபடியும் காதைத் தட்டினார். கண் நிறைந்திருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

"அவருக்கு நல்லாத்தாண்டி கேக்குது" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

எனக்கும் தெரியும். கால் மரத்துப்போகும்வரை அந்தத் தண்ணீரிலேயே நின்று, அவர் காதைத் தட்டத் தட்டத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.